வீட்டுக்காரி இல்லாத வீடு

மலையடிவாரத்துத் தாமலூத்தில் பெண்கள் பிள்ளை பெறுவது என்னவோ ஆதி நாளிலிருந்து ஒரே மாதிரிதான் நடந்து வருகிறது. அதை எங்கே பெற வேண்டும், யார் கையில் பெற வேண்டும் என்பதற்கான சட்டம்தான் சில வருஷத்துக்கு ஒருதரம் மாறும். சட்டம் போடுகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களில் யாரும் தாமலூத்துக்கு வந்து கர்ப்பமானதாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

முதலில் வந்தவர்கள், மலைமேல் இருக்கிற மருத்துவச்சிகளைப் பழக்கினாலே போதும் என்றார்கள். கணவாய்க்கு அப்பால் இக்ரான் கிராமத்திலிருந்து மருத்துவச்சி யாம்னாவைக் கோவேறு கழுதையில் இறக்கிக் கொண்டுவந்து, சுகாதார நிலையத்தில் உட்காரவைத்து, கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள். யாம்னா அதற்கு முன்னாலும் கை கழுவிக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் பெரிய மனுஷர்கள் சொல்லிக் கொடுக்கும்போது தெரியாததுபோல உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டாள். கடைசியில் ஒரு நீலப் பையை அவள் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். சோப்பு, கத்தரிக்கோல், நூல் எல்லாம் அதில் இருந்தது. யாம்னா அதைத் தன் கல்யாண வெள்ளி நகை இருக்கும் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினாள்.

அடுத்து வேறு ஆட்கள் வந்தார்கள். மருத்துவச்சிகள் கையே பட்டுவிடக் கூடாது, படித்த நர்ஸ்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்றார்கள். பையைத் திருப்பிக் கொடுக்கும்படி யாம்னாவுக்கு ஆள் போயிற்று. அவள் கொண்டுவந்த பையைச் சுகாதார நிலையத்து வாசற்படியிலேயே வாங்கிக்கொண்டு, இனிமேல் யாரையும் தொடாதே, உன் கை சுத்தமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்ன பையன் அவள் கையில் பிறந்தவன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போனவள் அதற்கப்புறம் வெகுகாலம் கணவாயைத் தாண்டவேயில்லை.

பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. வண்டி கொடுக்கலாம், டீசல் கொடுக்கக் கூடாது என்பது கொடுத்தவர்களுடைய கொள்கையாம். அதில் கோழிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. அதற்கும் பிறகுதான் தாய்வீடு வந்தது.

தாய்வீடு என்றால் சுகாதார நிலையத்தை ஒட்டி, அதே வாசற்படி வழியாக ஏறும்படி கட்டிய ஒரு நீளக் கூடம், ஆறு கட்டில், ஒரு அடுப்படி. மலையில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகள் பனி விழுவதற்கு முன்னாலேயே இறங்கிவந்து நாள் நெருங்கும்வரை அங்கே தங்க வேண்டும். நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்லவில்லை. சமைத்துப் போடவும் பெருக்கித் துடைக்கவும் ஹத்தாவை வைத்தார்கள். ஹத்தா புருஷனை இழந்தவள், அகலமான முகம், அதைவிட அகலமான மனசு. இந்த வேலை கிடைத்த அன்று அவள் அழுதாள். சம்பளத்துக்காக அல்ல. அவளுடைய அக்கா அந்தக் கணவாயில் கோவேறு கழுதையின் முதுகிலேயே பிரசவ வலியில் செத்துப்போனவள். அப்போது ஹத்தா கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அதிலிருந்து யாராவது வலியில் முனகினால் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். பிரசவ அறைப் பக்கமே போகமாட்டாள், அடுப்படியோடு சரி.

வீட்டைக் கட்டியவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் மறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு வீட்டுக்காரி இல்லை.

முதல் பிள்ளைத்தாய்ச்சி வந்து இறங்கி ஒரு ராத்திரி அங்கே தூங்கினாள். மறுநாள் காலையில் கறிக்கடைக்காரர் பெண்சாதி இஜ்ஜா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஹத்தாக்கா, இந்தப் புள்ள யார் வீட்டு விருந்தாளி?"

"அரசாங்க வீட்டு விருந்தாளி."

"அரசாங்கம் இவளை வாசல்ல வந்து வாங்கன்னு கூப்பிட்டுச்சா? ரொட்டி சுட்டுப் போட்டுச்சா? தாமலூத்துல மனுஷங்களே இல்லைன்னு மலைக்காரங்க பேச மாட்டாங்களா?"

அவ்வளவுதான். இஜ்ஜா அந்தப் பெண்ணின் மூட்டையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து வந்தவளை ரொட்டிச் சூளைக்காரர் வீட்டார் கொண்டுபோனார்கள். அப்புறம் போட்டியே வந்துவிட்டது. கழுதை வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், தெருவில் நாலு பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடிவருவார்கள். இரட்டைப் பிள்ளை வயிற்றோடு வந்த ஒருத்திக்காக இஜ்ஜாவும் சூளைக்காரர் பெண்சாதியும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் இஷ்டம்போல அக்ரூட் உடைத்தார்கள், கம்பளி நூற்றார்கள், தின்று கொழுத்தார்கள். வலி கண்டதும் பத்து வீடு தள்ளியிருந்த சுகாதார நிலையத்துக்கு வந்து நாதிரா கையில் பெற்றார்கள்.

நாதிரா கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்த நர்ஸ். சின்ன வயசு, கொஞ்சம் வாய்த்துடுக்கு. எங்கே தூங்கினால் என்ன, கூப்பிட்ட தூரத்தில் இருக்கிறார்களே என்று அவளுக்குத் திருப்தி. தாய்வீடு வந்ததிலிருந்து கணவாயில் ஒரு பெண்கூடச் சாகவில்லை. கட்டில்கள் மட்டும் விரித்த விரிப்பு கலையாமல் கிடந்தன.

அக்ரூட் உலுக்குகிற காலத்தில், வீட்டுக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து மதாம் அன்னெலீஸ் பார்வையிட வந்தாள். உயரமான, வெள்ளந்தியான பெண்பிள்ளை. கூடவே மாகாண அலுவலகத்திலிருந்து பேச்சை மாற்றிச் சொல்ல ஜவாத் என்ற பையன். மதாம் ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள் எங்கே என்று கேட்டாள். ஹத்தாவுக்கு ஒளிக்கத் தெரியாது. வாங்க காட்டுறேன் என்று வீடுவீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லா வீட்டிலும் மதாம் டீ குடித்தாள், தேனும் வெண்ணெயும் தொட்டு ரொட்டி தின்றாள், பிள்ளைத்தாய்ச்சிகளின் சிவந்த கன்னத்தைப் பார்த்து மனசு நிறைந்துபோனாள். நிறைந்த மனசோடு காரில் ஏறும்போது ஒரு முடிவையும் சொல்லிவிட்டுப் போனாள். ஊர்க்காரர்களே இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்ளும்போது இந்த வீடு எதற்கு? குளிர்காலத்தில் இன்னொருதரம் வந்து பார்ப்போம். அப்போதும் கட்டில் காலியாக இருந்தால் மூடிவிட்டு, நர்ஸைப் பெரிய ஊருக்கு மாற்றிவிடலாம்.

ஹத்தா இதைக் கேட்டு இடி விழுந்தவள்போல நின்றாள். மதாமுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மானமுள்ள யாராவது தானாகப் போய், உங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்குகிறேன் என்று கேட்பார்களா? தாய்வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வர வேண்டும், வந்து இறங்க வேண்டும், அங்கிருந்து யாராவது வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுப்பதற்கு ஒரு இடம் இல்லாவிட்டால் மலையிலிருந்து ஒருத்தியும் இறங்க மாட்டாள். பழையபடி கணவாய்தான்.

அதைவிட, இந்தத் தடவை குளிர்காலத்தில் பிள்ளை பெற இருந்தது அவள் மகள் தூதா. தூதா என்றால் போதும் என்று அர்த்தம். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தபோது ஹத்தாவின் புருஷன் வைத்த பெயர். கடைசியில் அவளே போதும் என்றாகி, மற்றவர்களெல்லாம் பட்டணங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தூதாவைக் கட்டிக்கொடுத்தது இக்ரானில், யாம்னாவின் மகன் பஸ்ஸூவுக்கு. ஆமாம், நீலப் பை யாம்னாதான் சம்பந்தி.

பிள்ளையை இறக்கி அனுப்புங்கள் என்று ஹத்தா கழுதைக்காரர்களிடம் மூன்று தரம் சொல்லியனுப்பினாள். என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்க முடியாது. முதல் பிள்ளை புருஷன் வீட்டில் பிறப்பதுதான் வழக்கம். கேட்டால் யாம்னா வீட்டில் சோறு இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் தாய்வீட்டுக்கு அனுப்புங்கள் என்றுதான் சொன்னாள். யாம்னாவின் பதிலைக் கழுதைக்காரன் ஏற்ற இறக்கத்தோடு வந்து ஒப்பித்தான்.

"அந்த வீட்டுக்கு வீட்டுக்காரி யாரு சம்பந்தி? வாங்கன்னு சொல்ல அந்தச் சுவருக்கு வாய் இருக்கா? என் கையை அழுக்குன்னு சொன்ன வாசப்படியில என் மருமக காலை வைக்க மாட்டா. பொறக்குறது இங்கயே பொறக்கட்டும்."

மதாம் வரப்போகிற நாள் தெரிந்ததும் நாதிரா ஹத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒரே ஒரு நாள், எல்லாரையும் அவரவர் விருந்தாளியைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைக்கச் சொல்லுங்கள், மதாம் பார்த்துவிட்டுப் போனதும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றாள்.

"சித்தி, இது பொய்கூட இல்ல. கர்ப்பம் நிஜம், கட்டிலும் நிஜம். ரெண்டையும் ஒண்ணா வைக்கணும், அவ்வளவுதான்."

ஹத்தா முதலில் இஜ்ஜா வீட்டுக்குப் போனாள். இஜ்ஜா ஆட்டுக்குடலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஹத்தா விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் இஜ்ஜாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"என் வீட்டுல என்ன குறையைக் கண்டே ஹத்தாக்கா?"

"குறை ஒண்ணுமில்ல இஜ்ஜா. ஒரு பகல்தான்."

"வீட்டுக்கு வந்தவளைக் கெளம்புன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? அவளா கெளம்பணும். அவ கெளம்புனாலும் நான் மூட்டையை ஒளிச்சு வைக்கணும். இதுதானே நம்ம நடைமுறை? நாளைக்கு இவ மாமியா என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? வெள்ளைக்காரி பாக்குறதுக்காக உன் மருமகளைத் தெருவுல விட்டேன்னா?"

பிள்ளைத்தாய்ச்சி தானே எழுந்து, நான் போறேன் சின்னம்மா என்றாள். அதைக் கேட்டு இஜ்ஜா அழவே ஆரம்பித்துவிட்டாள். எல்லா வீட்டிலும் இதே கதைதான். சூளைக்காரர் வீட்டில் ஹத்தாவை உட்காரவைத்துச் சோறு போட்டே அனுப்பினார்கள், விருந்தாளியை மட்டும் விடவில்லை. சாயங்காலம் இஜ்ஜாவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். விருந்தாளியை அனுப்பத்தான் கூடாது, விருந்தாளியோடு சேர்ந்து நாமும் போகலாம் இல்லையா? அடுப்பு, கெட்டில், ரொட்டி, ஆடு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய், அங்கேயே வைத்து உபசரித்தால் யார் என்ன சொல்ல முடியும்?

மதாம் வந்த அன்று தாய்வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. கட்டிலுக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி சாய்ந்திருந்தாள், கட்டில்தோறும் ஒரு வீட்டுக்காரி காவல் இருந்தாள். அடுப்படியில் ஆட்டுக்கறி கொதித்தது. மதாம் வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பரிமாறிக்கொண்டிருந்த ஹத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளியே அப்போதுதான் பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. வந்த சற்று நேரத்துக்கெல்லாம் டிரைவர் வந்து, கீழ்ச்சாலை மூடிவிட்டது, இன்றைக்குத் திரும்ப முடியாது என்றான். அதுவரை மதாம் பார்வையிட வந்த அதிகாரி. அந்த நிமிஷத்திலிருந்து அவள் பனியில் அகப்பட்ட விருந்தாளி. இஜ்ஜாவின் கண் மதாமின் நனைந்த சப்பாத்துக்குப் போயிற்று.

பிள்ளைத்தாய்ச்சிகள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் கட்டிலை விட்டு எழுந்தார்கள். மதாம் பதறிப்போய், படுங்கள், படுங்கள் என்று கையால் காட்டினாள். அவர்கள் அதை விருந்தாளியின் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு அவளைப் பிடித்து நல்ல கட்டிலில் உட்காரவைத்து, சப்பாத்தைக் கழற்றி, காலைக் கம்பளியில் சுற்றினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, வாங்க என்பதற்கு அந்த ஊரில் சொல்லும் மர்ஹபாவைச் சொல்லிக் கையைப் பிடித்தார்கள். நான் விருந்தாளி இல்லை என்று அவர்களுக்குச் சொல்லச்சொல்லி மதாம் ஜவாத்தைப் பார்த்தாள். ஜவாத் நல்ல வீட்டுப் பையன். அதை மாற்றிச் சொல்லாமல் டீ குடித்தான்.

மதாமை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் இஜ்ஜாவுக்கும் சூளைக்காரர் பெண்சாதிக்கும் பழைய சண்டை திரும்ப வந்தது. முடிவு காணாமல், அவள் இங்கேயே தூங்கட்டும் என்று விட்டார்கள். ஜவாத்தையும் டிரைவரையும் கறிக்கடைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் இஜ்ஜா சுற்றிலும் பார்த்தாள். ஒரு விருந்தாளி தூங்க வேண்டிய இடத்தில் இவ்வளவு கும்பலா? கிளம்புங்கள் என்றாள். பிள்ளைத்தாய்ச்சிகள், வீட்டுக்காரிகள், கெட்டில்கள் எல்லாம் பனியில் இறங்கி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

கூடத்தில் ஐந்து கட்டில் காலி. ஆறாவதில் மதாம் கம்பளிக்குள் உட்கார்ந்து காலிக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹத்தா அடுப்படியில் துவரையைக் கிளறிக்கொண்டே, போச்சு, எல்லாம் போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊர்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை. இஜ்ஜாவின் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசலில் பஸ்ஸூவின் குரல் கேட்டது.

தூதாவைக் கம்பளத்தில் சுற்றிக் கழுதைமேல் கட்டியிருந்தார்கள். பின்னால் யாம்னா நடந்துவந்திருந்தாள், தலைமுக்காடெல்லாம் பனி. காலையிலேயே வலி கண்டிருக்கிறது. யாம்னா வயிற்றைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை தலைமேலாக இருக்கிறது, கால்தான் முன்னால் வரும் என்று தெரிந்ததும், இது என் ஒருத்தி கையில் ஆகாது என்று அவளே கழுதையை ஓட்டச் சொல்லிவிட்டாள். பனி இறுகுவதற்குள் கணவாயைத் தாண்டிவிட்டார்கள். ஹத்தா மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அக்காவின் முகமாகத் தெரிந்தது. கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது.

நாதிரா ஓடிவந்து தூதாவைக் கூடத்துக்குள் தூக்கச் சொன்னாள், அங்கேதான் அடுப்புச் சூடு இருந்தது. அவளுக்கு உதவியாக இருந்த நர்ஸைச் சிக்கனம் என்று போன வருஷமே எடுத்துவிட்டார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னொரு பழகின கை வேண்டும் என்றாள். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். யாம்னா படிக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க பெரியம்மா," என்றாள் நாதிரா.

"யாரு வீடு இது?"

"சம்பந்தி, இது நேரமா? புள்ளை கத்துறா," என்றாள் ஹத்தா.

"உன் வீடா?"

"இல்ல."

"நர்ஸ் வீடா?"

"அரசாங்க வீடு பெரியம்மா," என்றாள் நாதிரா.

"அப்ப அரசாங்கத்தை வரச்சொல்லு. போன்னு சொன்னது அதுதானே. வான்னும் அதுவே சொல்லட்டும். இதே படியிலதான் என் பையைப் புடுங்குனீங்க. கூப்பிடாம இந்தப் படியை நான் மிதிக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து தூதா அத்தை, அத்தை என்று கூப்பிட்டாள். யாம்னாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. உள்ளே பாய்ந்துவிடத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் இத்தனை வருஷமாக விழுங்கிவைத்திருந்த அவமானம் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

அந்த நேரத்தில் மதாம் காலுறையோடு வாசலுக்கு வந்தாள். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, மாற்றிச் சொல்லும் பையனும் இல்லை. பனியில் ஒரு கிழவி நின்று அழுகிறாள், வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. ஹத்தா மதாமின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"இந்தா இருக்கா. இவதான் வீட்டுக்காரி. கட்டுனதும் இவ ஆளுங்கதான், இன்னைக்கு இங்க படுத்திருக்கதும் இவதான்."

யாம்னா மதாமை மேலும் கீழும் பார்த்தாள். மதாமுக்கு அந்த ஊர் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை தெரியும். பகல் முழுக்க ஊரே அவளிடம் சொன்ன வார்த்தை அது. தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து யாம்னாவின் தோளில் போட்டாள். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மர்ஹபா," என்றாள்.

யாம்னா படியேறி உள்ளே வந்தாள். முதல் காரியமாக, சோப்பு எங்கே என்று கேட்டாள். நாதிரா எடுத்துக் கொடுக்க, விரல் விரலாக, முழங்கைவரை, மதாம் பார்க்கும்படி நின்று கழுவினாள். மதாம் காரணம் தெரியாமல் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

ஹத்தா அடுப்படிக்குள் ஓடிப்போனாள். நடுங்குகிற கையாலேயே மாவைப் பிசைந்தாள், மெல்லிய ரொட்டிகளாக இழுத்துச் சுட்டாள், கோழியை அறுத்து வெந்தயமும் துவரையும் போட்டு ஏற்றினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாப்பாடு அது. பிள்ளை பிறக்குமுன் அதைச் சமைக்கக் கூடாது என்பார்கள். சமைத்துவிட்டால் சாப்பிட ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சமைத்தாள். கூடத்தில் நாதிராவின் குரலும் யாம்னாவின் குரலும் மாறிமாறிக் கேட்டன, ஒன்று இழுக்காதே என்றது, இன்னொன்று விடு, தானாக வரட்டும் என்றது. ஒருதரம் இரண்டும் நின்றுபோயின. ஹத்தா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் புதுசாக ஒரு குரல், கோபமாக, பெரிசாகக் கேட்டது.

பெண் பிள்ளை. ஹத்தா உள்ளே போனபோது தூதா களைத்துச் சிரித்தாள். யாம்னா ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மதாம் அன்னெலீஸ் சுவரில் சாய்ந்து, கேட்க ஆளில்லாமல், தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஹத்தா எல்லாருக்கும் வெந்தயக் கோழி போட்டாள்.

கீழ்ச்சாலை திறக்கச் சில நாள் ஆயிற்று. அதற்குள் ஊருக்கெல்லாம் செய்தி பரவிவிட்டது, தாய்வீட்டுக்கு வீட்டுக்காரி வந்துவிட்டாள் என்று. இஜ்ஜா தலைக்கறி கொண்டுவந்தாள், தூதாவை இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஒரு பார்வை பார்த்தாள், பிறகு மதாமைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி வீட்டு விருந்தாளியைக் கிளப்பிக்கொண்டு போவது திருட்டு. இஜ்ஜா என்ன வேண்டுமானாலும் செய்வாள், அதைச் செய்யமாட்டாள்.

கார் கிளம்பும் நாளில் மதாம் பழையபடி அதிகாரியாகிவிட்டாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காலிக் கட்டில்களுக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றாள். தூதா எப்போது கிளம்புவாள் என்று கேட்டுச் சொல்லு, அதற்கப்புறம் வீட்டைப் பூட்டிவிடலாம் என்று ஜவாத்திடம் சொன்னாள். ஜவாத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"அதை நான் கேக்க மாட்டேன் மதாம்."

"ஏன்?"

"வந்தவங்களை எப்பக் கெளம்புவீங்கன்னு வீட்டுக்காரி கேக்கக் கூடாது. இந்த ஊர்ல யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"நான் வீட்டுக்காரி இல்லையே."

ஜவாத் திரும்பிப் பார்த்தான். யாம்னா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் மதாமின் கம்பளி இருந்தது.

"அதை இப்பச் சொல்ல வேண்டாம் மதாம்," என்றான்.

மதாம் யாம்னாவிடம் போனாள். அப்புறம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினாள். மேலிடத்துக்கு அவள் என்ன எழுதினாளோ யாருக்கும் தெரியாது. வீட்டை மூடச் சொல்லி உத்தரவு வரவில்லை. நாதிராவையும் மாற்றவில்லை. அடுத்த வருஷம் சட்டம் திரும்பவும் மாறியது, இனி எல்லாம் டெலிபோனில் என்று புது ஆட்கள் வந்து சொன்னார்கள். கணவாயில் சிக்னல் கிடையாது. கட்டில்கள் மட்டும் அதற்கப்புறம் காலியாகக் கிடக்கவில்லை. இஜ்ஜா முணுமுணுத்துக்கொண்டே ரொட்டியை அங்கேயே கொண்டுவந்து கொடுக்கப் பழகிக்கொண்டாள். பிள்ளைக்கு அன்னெலீஸ் என்று வைக்கலாமா என்று பேச்சு வந்து, யாம்னாவின் நாக்கில் அது நுழையாததால் கைவிடப்பட்டது.

இக்ரானிலிருந்து வருகிற பிள்ளைத்தாய்ச்சிகளை யாம்னாவே கூட்டிக்கொண்டு இறங்குவாள். வந்தால் பனி உருகும்வரை பேத்தியோடு இருந்துவிட்டுத்தான் போவாள். அடுத்த குளிர்காலத்தில், அதற்கும் அப்பாலுள்ள பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளோடு வந்து இறங்கினாள். தலையை நிமிர்த்திக்கொண்டு படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"யாரு வீடு இது?"

அடுப்படியிலிருந்து ஹத்தா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாம்னா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். கையில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

"வீட்டுக்காரி ஒரு வேலையா வெளிய போயிருக்கா. வந்துருவா," என்றாள். "யார் வந்தாலும் உள்ள கூப்பிட்டு உக்கார வைன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கா. வாங்க."